யாரக்கா

"குப்பை லாரி அனுப்பியாச்சு மேடம்."

"யாரு அனுப்பினது?"

"கிளம்பிருச்சு மேடம்."

"தானா சாவி போட்டு தானா கிளம்பிருச்சா? யாருப்பா அனுப்பினது?"

மறுமுனையில் தொண்டையைச் செருமிக்கொள்ளும் ஓசை. "இன்னும் அனுப்பல மேடம். இதோ, நான் அனுப்பறேன்."

போனை வைத்துவிட்டு, ஆறிப்போன டீயை ஒரு வாய் குடித்துக்கொள்கிறார் யாரக்கா. கோபமெல்லாம் இல்லை. இப்படி எத்தனை லாரிகளைப் போனிலேயே தெருவுக்கு இழுத்துவிட்டிருக்கிறார் என்பதற்குக் கணக்கு வழக்கே கிடையாது.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. நகராட்சி அலுவலகத்தில் அது யாருக்கும் ஞாபகமில்லை. 'யாரு, யாரு' என்று கேட்டுக் கேட்டே யாரக்கா ஆகிவிட்டார். ஆணையரே ஒருமுறை கூட்டத்தில் வாய் தவறி "யாரக்காவைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, தாகம் எடுத்தவர் மாதிரி தண்ணீர் டம்ளரைத் தேடினார்.

ஐம்பதைத் தொடப்போகும் வயது. காதுக்கும் தோளுக்கும் நடுவே ரிசீவரைச் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் வேறு வேலை பார்த்துப் பழகியதில், கழுத்து இடப்பக்கம் சாய்ந்தே நின்றுவிட்டது. மகள் எடுத்த குடும்பப் படங்களில் எல்லாம் அம்மா யாருடனோ பேசிக்கொண்டிருப்பது போலத்தான் தெரிகிறார், போன் மட்டும் இல்லை.

அவருக்கு ஜென்மப் பகை ஒரே ஒரு சொல்லோடு. 'ஆச்சு.' சொல்லியாச்சு, அனுப்பியாச்சு, பாத்தாச்சு, முடிச்சாச்சு. "அதுல ஆளே இல்ல, கவனிச்சீங்களா?" என்று புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டு கேட்பார். "வேலை இருக்கு, செஞ்ச ஆளைக் காணோம். மழை பேஞ்சாச்சுன்னு சொல்லு, ஒத்துக்கறேன். மழைக்கு ஆள் வேணாம். மத்த எல்லாத்துக்கும் வேணும்." ஆச்சுக்கு ஒரு தம்பியும் உண்டு, 'பாத்துக்கலாம்'. "அண்ணன்காரன் வேலை முடிஞ்சப்புறம் ஆளை ஒளிச்சு வைப்பான். தம்பிக்காரன் வேலை தொடங்கறதுக்கு முன்னாலயே ஒளிச்சிருவான்."

வீட்டிலும் இதே கதைதான். கணவர் தையல்காரர். வாசல் அறையில்தான் கடை. இரவு படுக்கப் போகும்போது "கேஸை அணைச்சாச்சு" என்று சொல்லிவிட்டுத் தலையணையில் தலை வைக்க அவரால் முடியாது. "யாரு?" என்று இருட்டிலிருந்து குரல் வரும். கல்யாணமான புதிதில் அந்த மனிதர் சண்டை போட்டுப் பார்த்தார். பிறகு கேலி செய்து பார்த்தார். கேலியே பழக்கமாகிப்போய், இப்போது ஒப்பிப்பது மாதிரி சொல்லி முடித்துவிடுகிறார்: "நான் கேஸை அணைச்சேன். நான் கதவைப் பூட்டினேன். நான் சாவியை ஆணியில மாட்டினேன். நான் இப்ப மூச்சு விட்டுக்கிட்டிருக்கேன். போதுமா தாயே?"

யாரக்காவின் அறை அலுவலகத்தின் மாடியில் இருக்கிறது. போன வெள்ளத்துக்குப் பிறகு பிறந்த அறை அது. அந்த வெள்ளத்தில் நகராட்சியும் ஒரு தொண்டு அமைப்பும் தனித்தனியாக ஓடி ஓடி உதவி செய்தார்கள். ஒரு தெருவுக்கு இரண்டு பேரும் ரொட்டிப் பொட்டலத்தோடு போய் நின்றார்கள். அடுத்த தெருவுக்கு இரண்டு பேருமே போகவில்லை. 'அவங்க பாத்திருப்பாங்க' என்று இவர்கள் இருந்தார்கள், 'இவங்க பாத்திருப்பாங்க' என்று அவர்கள். அந்தத் தெருக்காரர்கள் மொட்டை மாடியில் நின்று சாபம் விட்டது ஊருக்கே கேட்டது. வெட்கப்பட்டுப்போய் இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார்கள். மதகும் சங்கும் லாரியும் நகராட்சியுடையது. படகும் கயிறும் கம்பளியும் தொண்டர்களும் அமைப்புடையது. சொல் மட்டும் ஒரே அறையிலிருந்து போக வேண்டும். அந்தச் சொல்லைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்றபோது, இரண்டு பக்கமும் விரல் நீட்டியது யாரக்காவை. வருடா வருடம் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டால்தான் நாற்காலி. யாராவது ஒருவர் பேனாவை மூடி வைத்துவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அறையில் இரண்டு மேசைகளை ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். நகராட்சி மேசை மரம், அமைப்பின் மேசை இரும்பு, இரண்டு விரல் உயரம் குறைவு. இரும்பு மேசைக்கு உரியவன் அமைப்பின் ஒருங்கிணைப்பாளன். வெயிலோ மழையோ, அறைக்குள்ளேயும் அமைப்பின் ஆரஞ்சு நிற ஜாக்கெட்டைக் கழற்ற மாட்டான். ஆரஞ்சு என்றே பெயர் ஆகிவிட்டது. "தம்பி, குளிக்கறப்பவாவது கழட்டுவியா?" என்று அக்கா கேட்பார். "துவைக்கறப்ப கழட்டுவேங்க்கா" என்பான். தையல்காரரைத் தொண்டர் படையில் சேர்த்துவிட்டவனும் அவன்தான். ஏன் சேர்ந்தீர்கள் என்று கேட்டால் அவர் சொல்கிற பதில் ஒன்றுதான்: "வீட்டுல கேக்கற கேள்விக்கு வெளியில தண்ணியில நிக்கறது எவ்வளவோ மேல்."

ஏரிக்குக் கீழே, கால்வாயை ஒட்டியிருப்பது கீழ்த்தெரு. மதகைத் திறந்தால் முதலில் மூழ்குவது அதுதான். திறப்பதற்கு முன் தெருவைக் காலி செய்ய வேண்டும். முன்வரிசை வீடுகள் அமைப்பின் பொறுப்பு, பின்பக்கச் சந்து நகராட்சியின் பொறுப்பு. இதை ஒத்திகை பார்த்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. வரிசையும் சந்தும் சேருகிற முக்கில் ஒரு வீடு. அதற்குத் தெருப் பக்கம் ஒரு கதவு, சந்துப் பக்கம் ஒரு கதவு. உள்ளே குடியிருப்பவன் ரொட்டிக் கடையில் இரவு முழுக்க மாவு பிசைந்துவிட்டுப் பகலில் தூங்குகிறவன். தொண்டர்கள் முன்கதவைத் தட்டி எழுப்பினார்கள். எழுந்து வந்து கேட்டுவிட்டுப் போய்ப் படுத்தான். நகராட்சிக்காரர்கள் பின்கதவைத் தட்டி எழுப்பினார்கள். இந்தத் தடவை அவன் எழுந்து வந்து திட்டிய திட்டில், கையில் இருந்த அறிவிப்புத் துண்டுச் சீட்டை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.

பிறகு கூட்டத்தில் இதைச் சொல்லி எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அந்த வீடு உங்களுக்கே இருக்கட்டும்" என்றான் ஆரஞ்சு. "ஐயோ வேணாம் சார், நீங்களே வெச்சுக்கோங்க" என்றார் நகராட்சி மேஸ்திரி. "சரி சரி, பாத்துக்கலாம்" என்று யாரோ சொன்னார்கள். டீ வந்துவிட்டது. அன்றைக்கு யாரக்காவும் அங்கேதான் இருந்தார். கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஏரிக் கரையில் கசிவு கண்ட நாளில் காலையிலிருந்தே மழை விட்டபாடில்லை. மதியத்துக்கு மேல் பொறியாளர் ஏரிக் கரையிலிருந்து பேசினார். கரையில் ஓரிடத்தில் நீர் கசிகிறது, மதகைத் திறந்தே ஆக வேண்டும், கீழ்த்தெருவைக் காலி செய்யுங்கள். அவர் பேசுவதற்கு மேலாக மழையின் இரைச்சல் கேட்டது. மதகைத் திறக்காமல் இருந்து கரை உடைந்தால் ஊரில் பாதி இருக்காது. இந்த அறையிலிருந்து 'காலி' என்ற சொல் போகாமல் மதகின் சக்கரத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. ஒப்பந்தத்தில் இருந்த விதியிலேயே பெரிய விதி அதுதான்.

சங்கு ஊதியது. லாரிகள் போயின. ஆரஞ்சு வாக்கிடாக்கியைக் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டு அறைக்குள் நடந்தான். யாரக்கா நடக்கவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, டீ டம்ளரின் விளிம்பை விரலால் சுற்றிக்கொண்டே இருந்தார்.

முதலில் வந்தது மேஸ்திரியின் குரல். "சந்து காலி பண்ணியாச்சு மேடம்."

"யாரு?"

"நான்தான் மேடம், நானேதான். கதவு கதவா தட்டினேன். கடைசி ஆளை நான்தான் லாரியில ஏத்தினேன்."

அடுத்து முன்வரிசை. அங்கே பொறுப்பு தையல்காரருக்கு. அவரைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. "நான் வரிசை முழுக்கத் தட்டினேன். நான் எல்லாரையும் வண்டியில ஏத்தினேன். நான் தெரு முனையில நிக்கறேன். தண்ணி கணுக்காலுக்கு மேல இருக்கு."

போன் அலறியது. பொறியாளர். "மேடம், காலியா இல்லையா? ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. என் காலுக்கடியில மண்ணு இளகுது."

"ஆச்சு சார். காலி பண்ணியாச்சு. திறங்க."

போனை வைத்தார். வைத்த கை ரிசீவரை விட்டு வரவில்லை.

"தம்பி, நான் இப்ப என்ன சொன்னேன்?"

"காலி பண்ணியாச்சுன்னீங்க." அக்கா வாயிலிருந்தே அது வந்துவிட்டதே என்று சிரிக்கப் போனவன், அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"யாரு பண்ணினது?"

"முன்வரிசை அண்ணன். சந்து மேஸ்திரி. நீங்கதானேக்கா கேட்டு வாங்கினீங்க."

"முக்கு வீடு?"

"அது உங்க பக்கம் இல்லையா?"

"உங்க பக்கம்னுல்ல நான் இருக்கேன்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரக்கா மேஸ்திரியைக் கூப்பிட்டார். "பின்கதவு மூடியிருந்துச்சு மேடம். முன்பக்கம் அவங்க பாத்திருப்பாங்கன்னு..." என்று இழுத்தார் மேஸ்திரி. மீதியைக் கேட்க யாரக்காவுக்குப் பொறுமையில்லை. பொறியாளரின் எண் வேறொரு பேச்சில் இருந்தது. அது எந்தப் பேச்சு என்று அவருக்குத் தெரியும். மதகுக்காரரின் எண்ணை அழுத்தினார். அவசரத்தில் ஒருமுறை தப்பான வீட்டுக்குப் போயிற்று. மறுபடி அழுத்தினார்.

"மதகை மூடுங்க!"

"திறந்தாச்சேம்மா."

"யாரு திறந்தது?"

"நான்தாம்மா. இப்பத்தான், ரெண்டு சுத்து."

"அப்ப நீங்களே மூடுங்க. இப்பவே மூடுங்க."

"சார் திறக்கச் சொன்னாரே."

"சாருக்கு நான் சொன்னேன். நான் தப்பா சொல்லிட்டேன். மூடுங்கண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

சக்கரம் திரும்பி முனகுகிற சத்தம் போனிலேயே கேட்டது. ஆனால் போன தண்ணீர் போனதுதான். அது இந்நேரம் கால்வாயில் கீழ்த்தெருவைப் பார்த்து வந்துகொண்டிருக்கும். யாரக்கா ஆரஞ்சின் கையிலிருந்த வாக்கிடாக்கியைப் பிடுங்கினார். அதில் பேசுவதற்கென்று முறைகள் உண்டு. குழுவின் பெயரை இரண்டு முறை சொல்ல வேண்டும், முடிந்ததும் முடிந்தது என்று சொல்ல வேண்டும். எல்லாம் மறந்துபோயிற்று.

"ஏங்க!" என்றார். எல்லாக் குழுக்களுக்கும் அது கேட்டது. "ஏங்க, முக்கு வீட்டை யாரு பாத்தது?"

"நான் பாக்கல. முன்னால பூட்டு தொங்குச்சு. பின்பக்கம் அவங்க..." தையல்காரர் அதற்கு மேல் பேசவில்லை. தண்ணீரில் கால்கள் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பொறியாளர் கூப்பிட்டுவிட்டார். "மூடச் சொன்னது யாரு?"

"நான் சார்."

"கரை போச்சுன்னா?"

"உள்ள ஒரு ஆள் இருக்கானா இல்லையான்னு எனக்குத் தெரியல சார். தெரிஞ்ச உடனே நான் சொல்றேன்."

"எவ்வளவு நேரம்?"

"அதுவும் தெரியல."

அவர் ஏதோ திட்டினார். மழையில் பாதி காதில் விழவில்லை, விழுந்த பாதியே போதுமானதாக இருந்தது. உள்ளே போயிருப்பது தன் புருஷன், தன் வாயால் திறந்துவிட்ட தண்ணீருக்குள். அந்த எண்ணம் யாரக்காவின் தலைக்குள் வந்தது, வந்து அங்கேயே நின்றுவிட்டது. ஆரஞ்சு முதல் தடவையாக ஜாக்கெட்டின் ஜிப்பைக் கீழே இறக்கி, மறுபடி மேலே ஏற்றி, மறுபடி இறக்கினான்.

வாக்கிடாக்கி கரகரத்தது.

"நான் முக்கு வீட்டுக்கு வந்தேன். பூட்டு வெளியில தொங்குது."

"வெளியில பூட்டியிருந்தா ஆள் இருக்க மாட்டான்க்கா" என்றான் ஆரஞ்சு. அவனுக்கே அதில் நம்பிக்கை இருந்த மாதிரி தெரியவில்லை.

"உடைங்க" என்றார் யாரக்கா.

"நான் உடைக்கறேன்."

இரும்பு மேல் கல் விழுகிற சத்தம். இன்னொன்று. பிறகு மழை. மழையைத் தவிர வேறொன்றுமில்லை. டீ டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்த விரல் நின்றுவிட்டது.

"நான் கதவைத் திறந்தேன். தண்ணி முட்டிக்கு வந்திருச்சு, ஏறிக்கிட்டிருக்கு. நான் உள்ள போனேன். நான் ஆளைப் பாத்தேன்." மூச்சு வாங்கினார். "தூங்கறான். காதுல பஞ்சு. கட்டிலுக்கடியில தண்ணி ஓடுது, இவன் குறட்டை விடறான். நான் எழுப்பினேன். திட்டறான். நல்லாவே திட்டறான்."

ஆரஞ்சுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பென்று நினைத்துத்தான் வாயைத் திறந்தான், அழுகை மாதிரி ஏதோ வெளியே வந்தது.

கூடத் தங்கியிருப்பவன் பகல் வேலைக்குப் போகும்போது, யாரும் தட்டி எழுப்பிவிடக் கூடாதென்று வெளியே பூட்டிவிட்டுப் போவானாம். பின்கதவுக்கு முன்னால் அலமாரி. அந்த ஒத்திகைக்குப் பிறகுதான் இந்த ஏற்பாடு என்று பின்னால் தெரிந்தது.

"நான் அவன் கையைப் பிடிச்சிருக்கேன். நாங்க நடக்கறோம்." கொஞ்ச நேரம் தண்ணீரின் சத்தம். "நான் மேட்டுக்கு வந்துட்டேன். அவனும் வந்துட்டான். தெருவை நான் திரும்பிப் பாத்தேன். யாரும் இல்ல. நான் பாத்தேன்."

யாரக்கா போனை எடுத்தார். "சார், நான் சொல்றேன். கீழ்த்தெரு காலி. நான் சொல்றேன், திறங்க."

கரை நின்றது. கீழ்த்தெருவில் ஜன்னல் வரை தண்ணீர் ஏறி வடிந்தது. ஒரு உயிரும் போகவில்லை. ஊரில் இரண்டு தரப்பையும் பாராட்டாத வாய் இல்லை. மழை விட்டதும் அலுவலகக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். மேடையில் ஆணையரும் அமைப்பின் தலைவியும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே உயர நாற்காலிகளில். பத்திரிகைக்காரர்கள் வந்திருந்தார்கள். முன் வரிசையில் முக்கு வீட்டு ரொட்டிக் கடைக்காரனை உட்கார வைத்திருந்தார்கள். பகல் நேரம் அவன் தூங்குகிற நேரம். கையில் கொடுத்திருந்த பூங்கொத்துக்குப் பின்னால் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

கூட்டத்துக்கு முன் பொறியாளர் படிக்கட்டில் யாரக்காவை நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொல்லியிருந்தார்: "கவலைப்படாதீங்க மேடம். உங்க பேரு வராம எழுதியாச்சு." நல்ல மனுஷர். அன்றைக்குத் திட்டியதற்கெல்லாம் சேர்த்து இப்படி ஈடு கட்டுகிறார். அடுத்த மாதம் நாற்காலிக்குக் கையெழுத்து வாங்க வேண்டிய மாதம் என்பதும் அவருக்குத் தெரியும். 'யாரு எழுதினது' என்று யாரக்கா கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு, நாலாவது வரிசையில் தையல்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

பொறியாளர் அறிக்கையை வாசித்தார். "இடையில் தகவல் பரிமாற்றத்தில் சிறு குழப்பம் ஏற்பட்டது. அது உடனடியாகச் சரிசெய்யப்பட்டது." கோட்டுப் போட்டுக்கொண்டு வந்த ஆச்சு அது. யாரக்கா மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆரஞ்சு கூரையைப் பார்த்தான்.

"மிக நன்று" என்றார் ஆணையர். "அடுத்து..."

"சார்." ரொட்டிக் கடைக்காரன் பூங்கொத்தோடு எழுந்து நின்றான். முகத்தில் கோபமில்லை, தூக்கக் கலக்கம்தான் இருந்தது. "ஒண்ணு கேக்கலாமா? நான் உள்ள இருக்கறப்பவே தண்ணியைத் திறந்துட்டாங்கன்னு சொல்றாங்களே. காலின்னு சொன்னது யாரு?"

அமைப்பின் தலைவி ஆணையரைப் பார்த்தார். ஆணையர் பொறியாளரைப் பார்த்தார்.

"அதெல்லாம் விசாரிச்சாச்சுப்பா" என்றார் பொறியாளர், தன்மையாக. "முடிஞ்சாச்சு. நீ உக்காரு."

தையல்காரர் திரும்பிப் பார்ப்பதற்குள், நாலாவது வரிசையில், இடப்பக்கம் சாய்ந்த கழுத்துக்கு மேலே, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒரு கை நேராக உயர்ந்திருந்தது.